கையக்காவின் வரிசை

கையக்கா மேடையேறிப் பாஸ்டரைக் கன்னத்தில் அறைந்துவிட்டாராம். என் மனைவி சொன்னாள். அவளுக்கு அவள் தோழி சொல்லியிருந்தாள். தோழிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "ஊரே சொல்லுது, உங்களுக்குத்தான் எதுவும் தெரியாது" என்று பதில் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போகவில்லை. தோழியும் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. "மைக்குல 'டமார்'னு கேட்டுச்சாம். லேசான அடியா இருந்தா அப்படிக் கேட்குமா?" என்றாள் மனைவி, தடயத்தைக் கண்டுபிடித்துவிட்டவளைப் போல.

இரண்டு மொழிகளில் படித்தவன் நான். இரண்டிலும் சரளமாகக் கவலைப்படுவேன். பிழைக்க வந்த இடத்தில் எங்கள் சபை கூடுவது வாடகை மண்டபத்தில். மண்டபத்தின் சொந்தக்காரர் காதுக்கு விஷயம் போனால் என்ன ஆகும் என்று இந்த ஊர் மொழியில் யோசித்தேன். கையக்காவைச் சபையிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று தமிழில் யோசித்தேன். மறுநாள் மதிய இடைவேளையில், அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் சலவை ஆலைக்கு நடந்தேன்.

அங்கேதான் கையக்காவுக்கு வேலை. விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம். உள்ளே நுழைந்தால் நம் குரல் நமக்கே கேட்காது. இயந்திரங்களின் இரைச்சல் பல்லில் வந்து உட்காரும். விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஒரு முனையில் கையக்கா, எதிர்முனையில் அவருடைய 'ஜோடி'. அந்தப் பெண்ணை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். வருடக்கணக்காக அவருக்கு எதிரே நிற்பவர், பிறவியிலேயே காது கேளாதவர். இருவரும் விரிப்பை உதறி இழுத்து, நடந்து நெருங்கி, முனையோடு முனை சேர்த்து, விலகி, மறுபடி நெருங்குகிறார்கள். கையில் துணி இருக்கும்வரை பேச்சில்லை. மடித்தது அடுக்கில் போய் உட்கார்ந்ததும் நான்கு கைகளும் பறக்கின்றன. அடுத்த விரிப்பு வருவதற்குள் குடும்பக் கதை, விலைவாசி, மேற்பார்வையாளரின் புது மீசை எல்லாவற்றையும் பேசி முடித்தாக வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நிற்கிறார்கள்.

"இந்த இடத்துல ஜோடிதான் நல்லாப் பேசுவா. எங்களுக்குத்தான் காது இருந்தும் பிரயோஜனம் இல்லை" என்பார் கையக்கா. சைகை மொழியை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. விரிப்புக்கும் விரிப்புக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் ஜோடியிடம் பொறுக்கிச் சேர்த்ததுதான்.

இருவரும் சாப்பாட்டு டப்பாவோடு வெளி முற்றத்துக்கு வந்தார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, பாஸ்டரை அடிச்சீங்களாமே?"

"எந்தக் கன்னத்துல?"

"அதைச் சொல்லலையே."

"முக்கியமானதை விட்டுட்டாங்க பாருங்க. மறு கன்னத்தைக் காட்டினாரான்னு கேட்டிருக்க வேண்டாமா நீங்க?"

சொல்லிவிட்டுத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உடனே திரும்பி ஜோடிக்குக் கையில் சொன்னார். ஜோடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எதையும் ஒரே தடவை சொல்லிக் கையக்காவுக்குப் பழக்கமில்லை. வாயால் ஒரு முறை, கையால் ஒரு முறை. வீட்டில் இருக்கும்போதுகூட இது விடுவதில்லை. பேருந்து ஓட்டுகிற அவர் வீட்டுக்காரர், "கையைக் கீழ வெச்சுட்டுத் திட்டும்மா, பாதித் திட்டு எனக்குப் புரியாமப் போகுது" என்று முறையிடுவதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும். மண்டபத்தின் வலப்பக்கம், முன்வரிசை. அங்கே ஜோடி, ஒரு தச்சர், தச்சரின் மனைவி, பேருந்து கழுவும் அண்ணன் தம்பி இருவர், புதிதாக வந்து சேர்ந்த ஒரு தையல்காரப் பெண். அத்தனை பேரும் காது கேளாதவர்கள். அவர்களைப் பார்த்தபடி, மேடைக்கு முதுகு காட்டி நிற்பார் கையக்கா. பூவும் கரையும் இல்லாத கறுப்புப் புடவை. "என்னக்கா, எப்பவும் துக்க வீட்டுக்குப் போற மாதிரியே வர்றீங்க" என்று மற்றப் பெண்கள் சீண்டுவார்கள். "பூப்போட்டது கட்டினா பாஸ்டர் சொல்றது பூவுக்குள்ள தொலைஞ்சு போயிடும்" என்பார். வளையல்களைக் கழற்றி ஜோடியின் மடியில் போடுவார். சோப்பும் வெந்நீரும் வெடிக்க வைத்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொள்வார். கைகளை ஒருமுறை உதறுவார். அதன் பிறகுதான் அந்த வரிசைக்குப் பிரசங்கம் தொடங்கும்.

இத்தனை காலம் முதுகு காட்டி நின்றதில், பாஸ்டரை அவருக்குக் குரலாகத்தான் தெரியும். "அவருக்கு முடி கொட்டிப்போன விஷயமே எனக்கு அவர் மக கல்யாணத்துலதான் தெரிஞ்சுது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரோன்னு நினைச்சு, சாப்பிட்டீங்களான்னு விசாரிச்சுட்டேன்."

மொழிபெயர்ப்பில் சில சுதந்திரங்களும் எடுத்துக்கொள்வார். பாஸ்டர் ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வரும்போது, 'சொன்னதையே சொல்றார், புதுசா வந்தா கூப்பிடறேன்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வரிசையும் நிம்மதியாகக் காலை நீட்டும். ஆனால் சத்தம் எதையும் விடமாட்டார். பின்னால் குழந்தை அழுகிறது, கூரையில் மழை பிடித்துவிட்டது, சமையலறையில் யாரோ தட்டைப் போட்டுவிட்டார்கள். எல்லாம் கைக்கு வந்துவிடும். "காது கேக்கிறவங்களுக்கு இதெல்லாம் சும்மாவே கிடைக்குது. இவங்களுக்கு மட்டும் வெறும் பிரசங்கமா?" என்பது அவர் நியாயம். ஒருமுறை சபை ஆழ்ந்த அமைதியில் இருந்தபோது அந்த வரிசை மட்டும் தோள் குலுங்கியது. சபைச் செயலாளர் மூன்றாம் வரிசையில் குறட்டை விட்டதை, அதன் ஏற்ற இறக்கங்களோடு கையக்கா அறிவித்திருந்தார். செயலாளர் ஒழுங்குக்குப் பேர்போன மனிதர். அந்தச் சிரிப்பை அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

பிறகு, ஆமென். சபை ஆமென் சொல்லி முடித்து, ஒரு மூச்சு விட்ட பிறகு அந்த வரிசையின் ஆமென் வரும். கரடுமுரடாக, பெரிதாக, எந்தச் சுருதியிலும் சேராமல் வரும். ஆரம்பத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பாஸ்டர் அந்த இரண்டாவது ஆமெனுக்காக நின்று, அதை வாங்கிக்கொண்டுதான் அடுத்த வார்த்தைக்குப் போகிறார். என் பெற்றோர் எங்களைப் பார்க்க வந்திருந்தபோது சபைக்கு அழைத்துப் போனேன். ஜெபம் முடிந்ததும் அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். "இரும்மா, இன்னொரு ஆமென் வரும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எங்கள் வீட்டு நகையை எடுத்துக் காட்டுவதுபோல இருந்தது எனக்கு.

இத்தனையும் ஒரு மோசமான நகைச்சுவையில் தொடங்கியது. ஜோடி பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவர். எல்லோரும் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார், தலை குனிந்தால் குனிவார். ஒரு திங்கட்கிழமை, ஆலையில், விரிப்பை அடுக்கில் வைத்துவிட்டுக் கையக்காவிடம் கேட்டார்: நேற்றுப் பாஸ்டர் என்ன சொன்னார், ஏன் அத்தனை பேரும் சிரித்தீர்கள்? கையக்கா அப்போது அரைகுறைச் சைகைக்காரர். மதியம்வரை திணறித் திணறி அந்த நகைச்சுவையைச் சொல்லி முடித்தார். ஜோடியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. 'இதுக்கா? இதுக்கா அப்படிச் சிரிச்சீங்க? என்னவோ பெரிசா இருக்கும்னு நான் இத்தனை வருஷமா ஏங்கிக்கிட்டு இருந்தேனே' என்றாராம்.

"எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு தம்பி. ஒரு மொக்கை ஜோக்குக்கே இவ இவ்வளவு ஏங்கியிருக்கா. அப்போ சிலுவையைப் பத்தி, மன்னிப்பைப் பத்தியெல்லாம் இவளுக்கு யார் சொன்னது?"

அதற்குச் சில காலம் முன்புதான் பாடகர் குழு கையக்காவை மரியாதையாக வழியனுப்பி வைத்திருந்தது. அவர் பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கும் சுருதி விலகிவிடும் என்று குழுத் தலைவி எவ்வளவோ பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். கையக்கா கோபித்துக்கொள்ளவில்லை, ஆண்டவரிடம்தான் போய் நின்றார். "உம்ம வீட்டுல எனக்கும் ஒரு வேலை கொடுமேன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். நான் நல்ல தொண்டையைக் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்து வெச்சிருந்திருக்கார்." இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கண் விழிக்கும்போதே விரல் பரபரக்கிறதாம். சந்தோஷம், சமாதானம் என்றெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை. கேட்டால் பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறார், வெடிப்புகளோடு.

இனி அந்த அடிக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன் சபைக்குப் புது விளக்குகள் வந்தன. மேடையில் நீலமும் ஊதாவும் வழியும். பாட்டு நேரத்தில் மண்டபம் முழுக்க இருட்டு. இருட்டில் மனம் ஒருமுகப்படும் என்று இளைஞர்கள் ஆசைப்பட்டுச் செய்தது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. கையக்கா அவர்களிடம் தச்சர் வீட்டுக் கதையைச் சொன்னார். தச்சருக்கும் மனைவிக்கும் சண்டை முற்றினால், மனைவி எழுந்துபோய் லைட்டை அணைத்துவிடுவாராம். அதோடு பேச்சு முடிந்தது. சொல்ல வந்த நியாயத்தோடு தச்சர் இருட்டில் நிற்க வேண்டியதுதான். "நீங்க ஒவ்வொரு வாரமும் என் வரிசைக்கு அதைத்தான் பண்றீங்க." இளைஞர்கள் சிரித்தார்கள். ஒரு மேசை விளக்கு கொடுத்தார்கள். அதன் வெளிச்சத்தில் அவருடைய ஒரு கைதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கும் இருட்டு வந்துவிட்டது. பாஸ்டர் சிலுவையிலிருந்து கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாசலில் கல்லை உருட்டி வைத்தார்கள் என்றதும் மண்டபத்தில் எல்லா விளக்கும் அணைந்தது. இசைவாக இருக்கட்டும் என்று மேசை விளக்கையும் யாரோ அணைத்துவிட்டார்கள். கண்களை மூடச் சொன்னார் பாஸ்டர். சபை மூடியது. அவர் தாழ்ந்த குரலில் உயிர்த்தெழுதலைச் சொல்லத் தொடங்கினார்.

"நான் கையை ஆட்டுறேன், எனக்கே என் கை தெரியலை" என்றார் கையக்கா. "கல்லறை வரைக்கும் என் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாச்சு. அவர் எழுந்துட்டார்னு சபை பூராவுக்கும் தெரியுது, இவங்களுக்குத் தெரியலை. இயேசுவைக் கல்லறைக்குள்ளயே விட்டுட்டு இவங்க வீட்டுக்குப் போறதா?"

"அவங்களுக்குத்தான் கதை தெரியுமே அக்கா."

"உங்களுக்கும்தான் தெரியும். அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் உங்களுக்குச் சொல்றாங்க?"

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

இருட்டில் தடவித் தடவி மேடையேறியிருக்கிறார். பெரிய விளக்குகளின் சுவிட்ச் மேடையின் பின்சுவரில் இருக்கிறது. போகிற வழியில் மைக் ஸ்டாண்டு காலில் இடறி விழுந்தது; அந்த 'டமார்' அதுதான். சுவிட்சைப் போட்டுவிட்டு மேடையின் முன்பக்கம் ஓடி வந்தார். திடுக்கிட்டுக் கண் திறந்த சபை, கூசும் வெளிச்சத்தில் கண்டது இது: பாஸ்டர் அதிர்ந்துபோய்க் கன்னத்தில் கை வைத்து நிற்கிறார்; அவருக்கு ஒரு முழம் தள்ளி, வலது கையை ஓங்கியபடி கையக்கா. ஓங்கிய அந்தக் கை தன் வரிசையைப் பார்த்து 'எழுந்தார்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்த கணத்தில் மண்டபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் அந்த முன்வரிசைக்காரர்கள் மட்டும்தான். நடந்ததை முழுதாகப் பார்த்த சாட்சிகள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாஸ்டர் அன்று மாலையே கையக்கா வீட்டுக்குப் போய், தேநீர் குடித்து, சிரித்துவிட்டு வந்தார். நிர்வாகக் குழு அப்படி விடுவதாக இல்லை. மண்டபத்தை ஒட்டி, உபரி நாற்காலிகள் அடுக்கி வைக்கும் ஓர் அறை இருக்கிறது. அதில் ஆராதனையைக் காட்டும் ஒரு டிவித் திரையை மாட்டி, அந்த வரிசையை அங்கே உட்கார வைத்துவிடலாம் என்பது செயலாளரின் யோசனையாம். "எவ்வளவு வெளிச்சம் வேணும்னாலும் போட்டுக்கட்டும். அவங்க வசதிக்குத்தான் சொல்றேன்" என்று பிறகு என்னிடமே சொன்னார். மனதார நம்பித்தான் சொன்னார். புதன்கிழமை மாலை குழு கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு.

"அறைக்கு அனுப்பிட்டா என்னக்கா செய்வீங்க?"

அன்றைக்கு முதல் முறையாகக் கையக்கா சிரிக்காமல் பதில் சொன்னார். "என்ன செய்வேன், இவங்க எங்கயோ அங்கதான் நானும். போய் நிப்பேன். ஆனா தச்சர் வரமாட்டேன்னுட்டார். டிவி பார்க்க என் வீட்டுலயே நாற்காலி இருக்கு, நானே செஞ்சதுங்கிறார்." ஜோடியைத் திரும்பிப் பார்த்தார். "இவ என்ன கேட்டா தெரியுமா? 'முன்னாடி ஒண்ணும் புரியாம இருந்தேன், ஆனா எல்லாரோடயும் இருந்தேன். இப்போ எல்லாம் புரியுது, அதுக்காகத் தனியாப் போகணுமா'ன்னு கேட்டா. எனக்குப் பதில் வாயிலயும் வரலை, கையிலயும் வரலை."

"நீங்களே குழுவுக்கு வந்து பேசுங்க. நான் கூட வர்றேன்."

"புதன்கிழமை எங்க வரிசைக்கு ஜெபம். அதை விட்டுட்டா? சொல்ல வேண்டியதைப் பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். முடிவானதும் செயலாளர் போன் பண்றேன்னார்." என் முகத்தைப் பார்த்து டப்பாவை என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கங்க தம்பி. இப்படிக் கவலைப்பட்டா நல்லாப் பசிக்குமே."

புதன்கிழமை மாலை நான் தச்சரின் பட்டறைக்குப் போனேன். அங்கேதான் அந்த வரிசை வாராவாரம் கூடுகிறது. பாதி எழும்பிய அலமாரி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. தரையெல்லாம் இழைத்த மரச்சுருள்கள். நடுவில் நீளமான வேலைப் பலகை, அதைச் சுற்றி முக்காலிகள். எரிய முடிந்த விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. பலகையின் நடுவில் கையக்கா தன் போனை வைத்தார். ஏன் வைத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். தச்சரின் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடிடாதீங்க தம்பி" என்றார் கையக்கா. "இங்க மூடினா தூங்கிட்டீங்கன்னு அர்த்தம்."

ஒருவர் ஜெபிப்பார், மற்றவர்கள் உள்ளங்கைகளைப் பலகையில் ஊன்றி, அவர் கைகளையே பார்த்திருப்பார்கள். பார்ப்பதுதான் கேட்பது. பார்வையை எடுத்தால், பேசிக்கொண்டிருப்பவரை விட்டு எழுந்து போனதற்குச் சமம். எனக்கோ ஜெபம் என்றதும் இமை தானாக இறங்குகிறது. தையல்காரப் பெண் முழங்கையால் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தார். பேருந்து கழுவும் அண்ணன் ஜெபித்தார், தம்பி ஜெபித்தார், தச்சர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சுருக்கமாக முடித்தார். கடைசியில் ஜோடி. அவருடைய ஜெபம் நீளமானது. விரிப்பை நீவிவிடுவதுபோல நிதானமாக வந்தது. எனக்குத் தெரிந்த சைகைகள் சொற்பம். அவற்றில் ஒன்று 'நன்றி'. அதை மட்டும் எண்ணிக்கையில்லாமல் பார்த்தேன்.

அப்போது போன் அடித்தது.

எனக்கு முன்னால் பலகைக்குத் தெரிந்துவிட்டது. அதிர்வு மரத்தில் ஓடி எல்லோருடைய உள்ளங்கைகளிலும் ஏறியது. தலைகள் திரும்பின. திரையில் 'செயலாளர்'. தச்சரின் தாடை இறுகியது. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜோடி மட்டும் பார்க்கவில்லை. கைகள் காற்றில் இருந்ததால் அவருக்கு அதிர்வு எட்டவில்லை, முகம் மேலே நிமிர்ந்திருந்தது. என் கை என்னை அறியாமல் போனை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

கையக்கா ஜோடியின் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்வை அங்கேயே இருக்க, அவருடைய இடக்கை மட்டும் பலகை மேல் ஊர்ந்தது. ஒரு பென்சிலைத் தாண்டியது, உளியைத் தாண்டியது, போனைத் தொட்டது. அதை எடுத்தார். பக்கவாட்டில் குனிந்து, தரையில் குவிந்திருந்த மரச்சுருள்களின் மேல், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தார். பலகை அடங்கியது. ஒவ்வொருவராகக் கண்கள் ஜோடியின் கைகளுக்குத் திரும்பின. கீழே, சுருள்களுக்குள்ளிருந்து, அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கையக்காவுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது.